நம் ஊரின் கணக்கை யார் எழுதுகிறார்கள்?

(மாவட்ட அளவிலான சமூக அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை இராஜபாளையத்தில் பேருந்து ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "எதுவரைக்கும் சார்?" என்றார். "ஸ்ரீவில்லிபுத்தூர்தான். ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம். நம்ம ஊர் மக்கள்தொகையைப் பற்றிப் பேசணும்" என்றேன். "அதுல பேச என்ன சார் இருக்கு? இத்தனை பேருன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சுல்ல" என்றார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் பயணத்தில் அவருக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் அவர் கேட்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேர். ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் 75,396 பேர். இரண்டையும் கூட்டினால் 2,05,838 பேர். விருதுநகர் மாவட்டம் முழுவதும் 19,42,288 பேர். ஆண்கள் 9,67,709, பெண்கள் 9,74,579. ஆயிரம் ஆண்களுக்கு 1,007 பெண்கள். எழுத்தறிவு 80.15 சதவீதம்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். மாணவர்களும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கேள்வியும், அதைக் கேட்ட ஒருவரும், பதில் சொன்ன ஒருவரும் இருக்கிறார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஆசிரியர்கள். நானும் அவர்களில் ஒருவன்.

72-ஆ, 80-ஆ?

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்தைப் பற்றிக் குறிப்பெடுத்து வரும்படி வகுப்பில் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் எழுத்தறிவு 72.01 சதவீதம் என்று எழுதி வந்தான். இன்னொருவன் 80.15 என்று எழுதி வந்தான். இருவருக்கும் சண்டை. "சார், யாரு சரி?" என்று என்னிடம் வந்தார்கள்.

இரண்டுமே சரி. மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். அதை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 72 வரும். ஆனால் மொத்தத்தில் கைக்குழந்தைகளும் அங்கன்வாடிக்குச் செல்லும் பிள்ளைகளும் அடங்குவார்கள். ஆறு வயது வரையிலான குழந்தைகள் மட்டும் 1,97,134 பேர். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை என்று மாவட்டத்தைக் குறை சொல்லலாமா? அதனால்தான் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் 17,45,154 பேர். அதே 14 லட்சத்தை இதனால் வகுத்தால் 80 வரும்.

மேலே உள்ள எண் மாறவில்லை. கீழே உள்ள எண்தான் மாறியது. அன்று கணக்கு ஆசிரியரையும் வகுப்புக்கு அழைத்து வந்தோம். பின்னத்தில் பகுதி எதற்கு என்று பிள்ளைகளுக்குப் புரிந்த நாள் அது. 1971 வரையிலான எழுத்தறிவு விகிதங்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்துக் கணக்கிடப்பட்டவை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அடுத்தடுத்து வைத்து வரைபடம் போடுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்றால், ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் இதில் சேர மாட்டார். பள்ளிக்கே போகாதவராக இருந்தாலும் எழுதப் படிக்கத் தெரிந்தால் சேர்ந்துவிடுவார். ஆனால் யாரிடமும் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிச் சோதிப்பதில்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதைத்தான் எழுதுகிறோம். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் படிக்க வைத்துப் பார்க்கும் நமக்கு இந்த வேறுபாட்டின் அளவு தெரியும்.

1,007-க்குள் என்ன இருக்கிறது?

பாலின விகிதம் 1,007 என்றதும் நமக்கு ஒரு பெருமிதம் வருகிறது. தமிழ்நாட்டின் விகிதம் 996. இந்தியாவின் விகிதம் 943. நாம் முன்னால் நிற்கிறோம். ஆனால் ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ஆண் குழந்தைகள் 1,00,827. பெண் குழந்தைகள் 96,307. வகுத்தால் ஆயிரத்துக்கு 955.

இந்த எண்ணைக் கண்டதும் ஒரு மாணவி எழுந்து, "அப்போ பெண் குழந்தைகளை அழிக்கிறாங்களா சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, ஆனால் அவசரமான முடிவு. உலகம் முழுவதும் பிறப்பிலேயே ஆண் குழந்தைகள் சற்று அதிகம். ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் என்பது இயற்கையான அளவு. ஆகவே 955 என்பதைக் கண்டதும் குற்றம் சாட்ட முடியாது. அதே நேரத்தில் 1,007-ஐக் காட்டி, இங்கே பெண் குழந்தைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லவும் முடியாது. வயது கூடக் கூடப் பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள். ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் போகிறார்கள். இவையெல்லாம் கலந்து வந்த எண் அது. மாவட்ட சராசரிக்குள் ஒரு வட்டாரத்தின் குறை மறைந்திருக்கவும் கூடும். பெருமைப்படுவதற்கு முன்பும் குற்றம் சொல்வதற்கு முன்பும் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது இதுதான்.

எல்லைக் கோடு நகரும்போது

நம் பகுதியின் பழைய கணக்கைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து காமராசர் மாவட்டமானது. பிறகு அதுவே விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. ஒரே தெருவில் பிறந்து அதே தெருவில் வாழ்ந்து மறைந்த ஒருவர் இரண்டு மாவட்டங்களின் கணக்கில் இருந்திருப்பார். 2011-இல் நம் மாவட்டத்தில் எட்டு வட்டங்கள். அதன் பிறகு வத்திராயிருப்பும் வெம்பக்கோட்டையும் தனி வட்டங்களாயின. அடுத்த கணக்கெடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தால், மக்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்று எந்த மாணவரும் எழுதிவிடக் கூடாது.

வளர்ச்சியும் அப்படித்தான். 2001-க்கும் 2011-க்கும் இடையே தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. இராஜபாளையம் நகராட்சி ஏறத்தாழ 7 சதவீதமும் ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி ஏறத்தாழ 3 சதவீதமும்தான் கூடின. ஊர் வளரவில்லையா? புதிதாக வீடு கட்டுபவர்கள் நகராட்சி எல்லைக்கு வெளியே மனை வாங்கிக் கட்டுகிறார்கள். வேலையும் கடையும் பள்ளியும் நகரத்தில். வீட்டின் கணக்கு ஊராட்சியில். இதோடு குடும்பங்களும் சிறியதாகிவிட்டன. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். நம் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைவதற்கு ஆசிரியரின் உழைப்பை மட்டுமே காரணம் காட்டுபவர்களுக்கு இந்த எண்ணையும் எடுத்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டுச் சேர்க்கைக்கும் தெருத்தெருவாகப் போவோம்.

நூறு மீட்டர்

வாழ்க்கை நிலையைச் சொல்வது வீட்டுப்பட்டியல். 2011 கணக்கெடுப்புக்காக 2010-இல் நடந்த வீட்டுப்பட்டியலில் 35 கேள்விகள். சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, எத்தனை அறை, கழிப்பறை உண்டா, எதில் சமைக்கிறார்கள், மிதிவண்டி உண்டா, வங்கிக் கணக்கு உண்டா என்று போகும்.

அதில் எனக்குப் பிடித்தது குடிநீர்க் கேள்வி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதோடு அது நிற்பதில்லை. வீட்டு வளாகத்துக்குள்ளா, அருகிலா, தொலைவிலா என்றும் கேட்கிறது. அருகில் என்றால் நகரத்தில் 100 மீட்டருக்குள். கிராமத்தில் 500 மீட்டருக்குள். இதை ஒருமுறை வகுப்பில் செய்து பார்த்தோம். மாணவர்கள் ஒரு கயிற்றைப் பத்து மீட்டருக்கு அளந்து எடுத்துக்கொண்டு, தங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய் வரை அளந்தார்கள். மறுநாள் ஒரு பையன், "சார், எங்க வீட்டுக்குக் குழாய் 'அருகில்'தான். ஆனா எங்கக்கா பத்து நடை நடக்குது" என்றான். படிவத்தில் தூரத்துக்கு இடம் இருக்கிறது. நடைக்கு இடம் இல்லை. எத்தனை நடை, யார் நடக்கிறார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது ஆகிய மூன்று கேள்விகளை எங்கள் வகுப்பின் படிவத்தில் நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

சராசரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்டத்தின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 458 பேர். ஆனால் 458 பேர் என்று சீராக எங்கும் வாழ்வதில்லை. மேற்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் 485 சதுர கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி நம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே காடு. கீழே நகரத்துத் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பகுதியிலும் பளியர் பழங்குடி மக்கள் சில குடும்பங்களாக வாழ்கிறார்கள். மாவட்டத்தின் 80 சதவீத எழுத்தறிவில் அவர்களுடைய நிலை தெரியாது. அந்தக் குடியிருப்பில் அத்தனை பேருக்கும் படிப்பு எட்டினாலும் எட்டாவிட்டாலும் மாவட்டத்தின் எண் அசையாது. ஆனால் அங்கே பள்ளிக்கு வராத ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு அது நூற்றுக்கு நூறு. இடைநின்ற குழந்தைகளைத் தேடிப் போகும்போது நாம் சராசரியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

நான் தவறாக எழுதிய ஒரு வரி

இனி என் கதைக்கு வருகிறேன். 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு. பகலில் பள்ளி, மாலையிலும் விடுமுறை நாளிலும் வீடு வீடாகப் போவேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். ஒருவர் கணக்கெடுப்பில் தந்த விவரத்தை 1948-ஆம் ஆண்டின் சட்டம் காக்கிறது. நான் என் தவறை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கைத்தறி நெசவாளர் வீடு. கணவர் தறியில் இருந்தார். அந்த அம்மா ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டு எழுதினேன். பிறகு, "நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்றேன்.

"நான் என்ன சார் வேலை பாக்குறேன்? வீட்ல சும்மாதான் இருக்கேன்."

அதைச் சொல்லும்போதும் அவர் கை ராட்டையை நிறுத்தவில்லை. நான் 'வேலை செய்யாதவர்' என்று குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். அன்று இன்னும் எட்டு வீடுகள் பாக்கி இருந்தன.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்பில் உழைப்பாளர் வகைகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். கணக்கெடுப்பில் நான்கு வகை: விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், வீட்டுத்தொழில் செய்பவர்கள், பிற தொழில் செய்பவர்கள். ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தால் முதன்மைப் பணியாளர். அதற்குக் குறைந்தால் குறுகிய காலப் பணியாளர். கூலி வாங்காமல் குடும்பத் தொழிலில் உதவினாலும் அது வேலைதான். வீட்டுக்கே பயன்படுத்தினாலும் பால் மாடு வளர்த்தால் அதுவும் வேலைதான். இப்படிச் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், எங்கம்மா தார் சுத்துறாங்க. அப்பா நெய்யுறதுக்குத்தான். அதுக்குத் தனியா காசு கிடையாது. அது வேலையா சார்?"

"வேலைதான்மா. வீட்டுத்தொழில்ல வரும்."

"அப்போ எங்க வீட்டுக்கு வந்தப்ப நீங்க ஏன் சார் அப்படி எழுதல?"

நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் என் பின்னால் நின்று படிவத்தைப் பார்த்திருக்கிறாள். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. "தப்பா எழுதிட்டேம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? படிவம் போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மா 2011-ஆம் ஆண்டின் கணக்கில் சும்மா இருப்பவராகவே இருக்கிறார். இன்றும் அப்படியே இருக்கிறார்.

ஒருவர்தானே என்று நினைக்கலாம். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 27 லட்சம் பேர் பணியாற்றினார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஓர் அம்மாவை இப்படி விட்டிருந்தாலும் 27 லட்சம் பேர். வீட்டுத்தொழிலில் இத்தனை பெண்கள் உண்டு என்று எண் சொன்னால்தான் அவர்களுக்கென ஒரு திட்டமோ, பயிற்சியோ, கடனோ பற்றி யாராவது யோசிப்பார்கள். இல்லாதவர்களுக்கு யார் திட்டம் போடுவார்கள்?

நம் பகுதியை நினைத்துப் பாருங்கள். சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவமனைக்குப் போகும் கட்டுத்துணித் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரில் தறி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்குச் சுற்றியுள்ள கிராமங்களில் பால் கறக்கும் கைகள். சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலை. இவற்றில் எத்தனை வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது! அதைச் செய்யும் பெண்களிடம் கேட்டால் பாதிப் பேர் "சும்மா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள்.

சமையலும் பிள்ளை வளர்ப்பும் இந்தக் கணக்கெடுப்பில் வேலையாக வருவதில்லை. அதற்குத் தனி ஆய்வு உண்டு. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாகத் தெரிந்தது. இந்த இரண்டு எண்களை எழுதிப் போட்டுவிட்டு எந்த வகுப்பிலும் பேசாமல் நின்றால் போதும். பிள்ளைகளே பேசுவார்கள்.

அடுத்த முறை கதவைத் தட்டும்போது

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஆம் தேதி நள்ளிரவை அடிப்படை நேரமாகக் கொண்டு நடக்கும் என அறிவிக்கப்பட்டுள்ளது. முதற்கட்டமான வீட்டுப்பட்டியல் 2026-இல். இம்முறை காகிதத்துக்குப் பதில் கைப்பேசி. 1931-க்குப் பிறகு முதல்முறையாக அனைவரின் சாதி விவரமும் கேட்கப்பட இருக்கிறது. இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர் கணக்கெடுப்பாளராகப் போவீர்கள். உங்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள்.

ஒன்று, "வேலை பாக்குறீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் கூடும். விடுபட்ட வேலை அந்த இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

இரண்டு, கூடுமானவரை அவரவர் விவரத்தை அவரவரிடமே கேளுங்கள். ஒரு பெண் கணவர் பெயரைச் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். வழக்கம் தடுக்கும் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்று, கேட்டதைத் தெருவில் பேசாதீர்கள். நம்மிடம் சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும்.

நான்கு, வகுப்பறைக்கு. பிள்ளைகளைக் கொண்டு ஒரு தெருவைக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். சாதியும் வருமானமும் கேட்க வேண்டாம். குழாய் வரை தூரம், வீட்டில் செய்யும் தொழில்கள், படிக்கும் பிள்ளைகள், பாட்டி தாத்தாவுக்குப் படிக்கத் தெரியுமா போன்றவை போதும். பெயர் எழுதாமல் எண்ணை மட்டும் தொகுக்கட்டும். எமிஸ் தளத்தில் நாம் தினமும் நிரப்பும் கட்டங்களுக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களோடு சேர்ந்து நமக்கும் நினைவுக்கு வரும்.

அன்று கேள்வி கேட்ட மாணவி தன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மா வந்தார். "சார், நான் பாக்குறதும் வேலைதான்னு பிள்ளை வந்து சொல்லுச்சு" என்று சொல்லிச் சிரித்தார். "அடுத்த தடவை வந்தா ஒழுங்கா எழுதிக்கிடுங்க" என்றார்.

அடுத்த தடவை வந்துவிட்டது. அந்தத் தெருவுக்கு நான் போவேனோ, உங்களில் ஒருவர் போவீர்களோ தெரியாது. யார் போனாலும் அந்த வரியைச் சரியாக எழுதிவிடுங்கள்.